மட்டாஞ்சேரிச் செப்பேடும் தமிழகத்தின் மேற்கெல்லையும்

கொச்சி மட்டாஞ்சேரிப் பரதேசி யூதப் பள்ளியின் உடைமையாக இருந்துவரும், சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மனின் செப்பேடு எந்த மொழியில் எழுதப்பட்டது என்பதற்கு ஆய்வுலகில் இரண்டு விடைகள் வேரூன்றியிருக்கின்றன. அது தமிழ்தான், ஆகவே 11ஆம் நூற்றாண்டின் வாசலிலும் சேரநாடு தமிழகத்தின் உறுப்பாகவே இருந்தது என்பது ஒரு தரப்பு. அது தொடக்ககால மலையாளம், ஆகவே அதற்கு முன்பே சேரநாடு தனிப் பண்பாட்டு மண்டலமாகிவிட்டது என்பது மறுதரப்பு. விடைகள் எதிரெதிரானவை, எடுகோள் ஒன்றே. சாசனத்தின் மொழிக்குப் பெயர் சூட்டிவிட்டால் அந்த நாட்டின் பண்பாட்டு உறவையும் தீர்மானித்தாயிற்று என்று இரு தரப்பாரும் கருதுகிறார்கள். இக்கட்டுரை அந்த எடுகோளை மறுக்கிறது. செப்பேட்டை மொழி மாதிரியாகப் பார்க்காமல், எழுதப் பயின்ற ஒருவர் ஓர் அரசவைக்காக எழுதிக் கொடுத்த ஆவணமாகப் படித்தால், அதாவது எந்த எழுத்தில், எந்த ஆண்டுக் கணக்கில், எந்த வாய்பாட்டில், யார் சாட்சியாக எழுதப்பட்டது என்று பார்த்தால், கிடைக்கும் எல்லைக்கோடு மேற்குத் தொடர்ச்சி மலையில் விழவில்லை. அது தமிழகத்துக்குள்ளேயே, காவிரிக்கும் வைகைக்கும் நடுவே எங்கோ விழுகிறது. சேரநாடு அந்தக் கோட்டுக்கு இப்பால் பாண்டிநாட்டோடு நிற்கிறது.

பதிற்றுப்பத்தும் சிலப்பதிகாரமும் தொல்காப்பியப் பாயிரம் வகுக்கும் வேங்கட, குமரி எல்லையும் இந்த விவாதத்தில் தவறாமல் எடுத்து வைக்கப்படுபவை. அவற்றை இங்கே பயன்படுத்தவில்லை. பல நூற்றாண்டுகளுக்கு முந்தைய இலக்கிய மரபைக் கொண்டு கி.பி. 1000ஐ ஒட்டிய ஓர் அரசவையின் நடைமுறையை நிறுவ முடியாது. அப்படி நிறுவ முயன்றதால்தான் மறுதரப்பார் இந்தக் கேள்வியையே தமிழ்ப் பெருமிதத்தின் கேள்வி என்று ஒதுக்கிவிடுகிறார்கள்.

செப்பேடு இரண்டு ஏடுகள் கொண்டது. மூன்று பக்கங்களில் எழுத்து. 1844இல் குண்டர்ட் அதை ஆங்கிலத்தில் பெயர்த்து வெளியிட்டார். பின்னர் ஹுல்ட்ஷ் எபிகிராபியா இந்திகாவின் 3ஆம் தொகுதியில் பதிப்பித்தார். சமூக மரபு இதைக் கி.பி. 379க்குக் கொண்டுசென்றது, எழுத்தமைதி அதற்கு இடம் தரவில்லை. இன்று பெரும்பாலோர் ஏற்பது வரலாற்றாளர் எம்.ஜி.எஸ். நாராயணன் வகுத்த கி.பி. 1000. மன்னன் முயிரிக்கோட்டில், அதாவது இன்றைய கொடுங்கல்லூர் வட்டாரத்தில், இருந்தருளிய நாளில் இசுப்பு இரப்பான் என்னும் யூத வணிகத் தலைவனுக்கு அஞ்சுவண்ணம் என்னும் வணிக அமைப்பையும் 72 வீடுபேறுகளையும், அதாவது சிறப்புரிமைகளையும், அளிக்கிறான். உல்கு என்னும் சுங்கமும் துலாக்கூலி என்னும் நிறுவைக் கட்டணமும் நீக்கப்படுகின்றன. உரிமை உலகும் சந்திரனும் உள்ளளவும் அவன் சந்ததிக்கு நிற்கும். வேணாடு, வேணாவலிநாடு, ஏறாளநாடு, வள்ளுவநாடு, நெடும்புறையூர்நாடு ஆகியவற்றின் உடையவர்களும் கீழ்ப்படை நாயகம் செய்பவனும் சாட்சியாக நிற்கிறார்கள்.

முதலில் ஆண்டுக் கணக்கு. சாசனம் இரண்டாம் ஆண்டைக்கு எதிர் முப்பத்தாறாம் ஆண்டு என்று காலம் குறிக்கிறது. பாஸ்கர ரவி 962இல் ஆட்சிக்கு வந்தான் என்று கொண்டு, 2ஐயும் 36ஐயும் கூட்டி 38ஆம் ஆட்சியாண்டு எனக் கணக்கிட்டே கி.பி. 1000 பெறப்பட்டது. கூட்டுவதா கூடாதா என்பதில் எழுந்த வாதம் பக்கம் பக்கமாக நீண்டிருக்கிறது. இந்த இரட்டைக் கணக்கு வேறு எங்கே வழங்கியது என்ற கேள்விக்குக் கிடைத்த இடமோ மிகச் சிறிது. விடை மதுரையில் இருக்கிறது. 8, 9ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் கல்வெட்டுகளில், மாறஞ்சடையன், சடையமாறன் பெயர்களில் வருபவற்றில், யாண்டு இத்தனை, இதன் எதிர் இத்தனை என்று எழுதுவது வழக்கமான முறை. பிற்காலப் பாண்டியர்களும் இதைக் கைவிடவில்லை. சோழர் கல்வெட்டுகளில் ஆட்சியாண்டு பொதுவாக ஒற்றை எண்ணாகவே வருகிறது. எதிராண்டின் பொருள் எதுவாகவும் இருக்கட்டும்: இளவரசுப் பட்டத்துக்கும் முடிசூட்டுக்கும் இடைப்பட்ட கணக்காக இருக்கலாம், வேறு சடங்கைச் சார்ந்ததாகவும் இருக்கலாம். ஆண்டை எப்படி எண்ணுவது என்பது ஓர் அரசவை பிறரிடம் போகிறபோக்கில் கற்றுக்கொள்ளும் சங்கதி அல்ல. எழுதுவோர் தலைமுறை தலைமுறையாகப் பயிலும் முறை அது. சேரர் தலைநகரான மகோதயபுரத்தின் எழுத்தரும் பாண்டியர் தலைநகரான மதுரையின் எழுத்தரும் ஒரே முறையில் பயின்றிருக்கிறார்கள்.

அடுத்தது எழுத்து. செப்பேடு வட்டெழுத்தில் இருக்கிறது. வடசொற்களுக்குக் கிரந்த எழுத்துகள் இடையிடையே வருகின்றன. வட்டெழுத்தைக் கேரளத்தின் பழைய எழுத்து என்று ஒரு சாரார் எழுதுவதும், தமிழின் ஒதுங்கிப்போன கிளையெழுத்து என்று மற்றொரு சாரார் எழுதுவதும் எனக்கு ஒரே அளவு தவறாகப் படுகின்றன. வேள்விக்குடிச் செப்பேட்டின் தமிழ்ப் பகுதி வட்டெழுத்தில் உள்ளது. தளவாய்புரச் செப்பேட்டிலும் அப்படியே. ஆனைமலைக் குடைவரையின் 8ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு வட்டெழுத்து. வடக்கே செங்கம், தருமபுரி வட்டார நடுகற்களும் வட்டெழுத்தே. 8ஆம் நூற்றாண்டில் தமிழகத்தின் பெரும்பரப்பில் தமிழ் எழுதப்பட்டது இந்த எழுத்தில்தான். இன்று நாம் தமிழெழுத்து என்று வழங்கும் வடிவம் அப்போது பல்லவர் ஆட்சிப் பரப்பின் எழுத்து. சோழர் அதை ஏற்று வளர்த்தனர். முதலாம் இராசராசன் பாண்டிநாட்டை வென்ற பிறகு, 11ஆம் நூற்றாண்டில், அது தெற்கே பரவி வட்டெழுத்தைப் படிப்படியாக அகற்றியது. சேரநாட்டில் அந்த மாற்றம் நடக்கவில்லை. வட்டெழுத்தும் அதன் வழிவந்த கோலெழுத்தும் அங்கே 18ஆம் நூற்றாண்டைத் தாண்டியும் ஆவணங்களில் வாழ்ந்தன.

இதன் விளைவைக் கூர்ந்து பார்க்க வேண்டும். கி.பி. 1000இல் முயிரிக்கோட்டு எழுத்தர் புதிதாக எதையும் செய்யவில்லை. தமிழகத்தின் தெற்கும் மேற்கும் அதுவரை செய்துவந்ததையே செய்தார். மாறியது கிழக்கு. நூறு ஆண்டு கழித்துப் பார்ப்பவருக்குச் சேரநாடு விலகிப்போனதுபோல் தோன்றுகிறது. உண்மையில் விலகிப்போனது, அல்லது விலக்கப்பட்டது, பாண்டிநாட்டின் எழுத்துமுறை. சோழர் வழக்கையே தமிழகத்தின் வழக்கு என்று கொண்டு, அதிலிருந்து வேறுபடுவதையெல்லாம் விளிம்பு என்று அழைப்பது, வென்றவனின் அளவுகோலைப் பின்னோக்கிப் பயன்படுத்துவதாகும். சேரநாடு தமிழகத்தைச் சேர்ந்ததா என்ற கேள்வியில் தமிழகம் என்ற சொல் சோழமண்டலத்தைக் குறிக்குமானால், அதே கேள்வியை மதுரையைப் பற்றியும் கேட்கலாம். யாரும் கேட்பதில்லை.

எழுத்து வெறும் கருவி, அதைக் கொண்டு பண்பாட்டை அளக்கலாமா என்ற மறுப்பு உண்டு. எழுத்து மட்டும் ஒத்திருந்தால் அந்த மறுப்பு செல்லும். இங்கே எழுத்தோடு ஆண்டுக் கணக்கும் சாசன வாய்பாடும் சாட்சிமுறையும் சேர்ந்தே வருகின்றன.

வாய்பாட்டைப் பார்ப்போம். சாசனம் மங்கலச் சொல்லுக்குப் பின் கோகோன்மைகொண்டான் என்று தொடங்குகிறது. இந்தப் பட்டத்தின் பொருள் பற்றி ஒருமித்த கருத்து இல்லை. நான் புதிதாக ஒன்றைச் சேர்க்க விரும்பவில்லை. அது நிற்கும் இடம்தான் எனக்கு முக்கியம். சோழ, பாண்டிய, கொங்குச் சாசனங்களில் மன்னனின் நேரடி ஆணைகள் கோனேரின்மைகொண்டான் என்று தொடங்கும் வழக்கம் நன்கு அறியப்பட்டது. இயற்பெயரும் மெய்க்கீர்த்தியும் இல்லாமல், ஆணையிடும் குரலாக மட்டும் மன்னன் வந்து நிற்கும் இடம் அது. கருவூரில் கிடைத்த கொங்குச் சாசனம் ஒன்று இப்படித் தொடங்கிக் கன்மாளருக்கு உரிமைகள் வழங்குகிறது: நல்லது கெட்டதுகளில் இரட்டைச் சங்கு ஊதலாம், பேரிகை கொட்டலாம், வெளியே போகும்போது காலில் செருப்பு அணியலாம், வீட்டுச் சுவருக்குச் சாந்து பூசலாம். மட்டாஞ்சேரிச் செப்பேட்டின் உரிமைப் பட்டியலை இதன் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்: பகல்விளக்கு, பாவாடை, அந்தோளகம், குடை, வடுகப்பறை, காகளம், தோரணம், தோரண விதானம். பெறுபவர் ஒருபுறம் கடல்கடந்த வணிகத் தலைவன், மறுபுறம் உள்நாட்டுத் தொழிற்குடி. காலமும் வேறு, கொங்குச் சாசனம் பிற்பட்டது. ஆயினும் ஒரு சமூகத்தின் தகுதியை மன்னன் உயர்த்தும் முறை ஒன்றுதான். பல்லக்கில் ஏறுவது, குடை பிடிப்பது, பறை முழங்குவது, தோரணம் கட்டுவது என்று கண்ணுக்கும் காதுக்கும் தெரியும் அடையாளங்களை எண்ணி எண்ணிக் கொடுக்கும் இந்தத் தகுதி இலக்கணம் பாலக்காட்டுக் கணவாயின் இருபுறமும் விளங்கியது. கருவூரில் ஒருவனுக்குப் புரிந்தது முயிரிக்கோட்டிலும் புரிந்தது.

அஞ்சுவண்ணமும் இப்படித்தான். இந்த வணிக அமைப்பு கொல்லத்தில் 849ஆம் ஆண்டுத் தரிசாப்பள்ளிச் செப்பேட்டில் மணிக்கிராமம் என்னும் மற்றொரு வணிகக் குழுவோடு சேர்ந்து வருகிறது. கிழக்குக் கரையில், தொண்டிக்கு அருகே, தீர்த்தாண்டதானத்தின் 1269ஆம் ஆண்டுக் கல்வெட்டிலும் அஞ்சுவண்ணமும் மணிக்கிராமமும் பிற வணிகக் குழுக்களோடு அடுத்தடுத்து நிற்கின்றன. அஞ்சுவண்ணத்தைக் கேரளத்தின் யூதர்க்கோ முஸ்லிம்களுக்கோ மட்டும் உரிய தனி நிறுவனமாக எழுதுவோர் கிழக்குக் கரைச் சான்றை அடிக்குறிப்பில் ஒதுக்குகிறார்கள். ஒதுக்கத் தேவையில்லை. இரு கரையிலும் வணிகருக்கு மன்னர் தந்த இடம் ஒரே பெயரால் அறியப்பட்டது என்பது, சரக்கோடு நிறுவனமும் கரை சுற்றி வந்தது என்பதற்குப் போதிய சான்று.

மொழிக்கு வருகிறேன். தொடக்ககால மலையாளம் என்ற வாதத்தின் வலு பெரும்பாலும் இரண்டு ஒலிக்கூறுகளில் நிற்கிறது. ஒன்று, பிரசாதிச்சருளிய போன்ற வடிவங்களில் தகரம் சகரமாவது. அஞ்சு என்பதும் இதே வகை. மற்றொன்று, நான்காம் வேற்றுமை உருபு இடையே உகரம் இல்லாமல் மக்கள்க்கும், கோயில்க்கு என்று சேர்வது. முதற்கூறு எல்லைக்குச் சான்றாகாது. தஞ்சை மண்டலக் கல்வெட்டுகளில் திருவிளக்கு வைச்ச செய்தி எத்தனை கோயில்களில் வருகிறது என்பதைக் கல்வெட்டுப் படித்த எவரும் அறிவர். வைத்த என்பது வைச்ச என்றாவதும், பிரசாதித்து என்பது பிரசாதிச்சு என்றாவதும் ஒரே மாற்றம். சோழநாட்டில் அதைப் பேச்சுவழக்கின் கசிவு என்றும், சேரநாட்டில் தனிமொழியின் பிறப்பு என்றும் சொல்வது ஒரே பண்டத்தை இரண்டு தராசில் நிறுப்பதாகும்.

இரண்டாவதை நான் மறுக்கவில்லை. மக்கள்க்கும் என்ற வடிவம் பிற்கால மலையாளத்தின் வழியில் நிற்கிறது; அதைத் தற்செயல் என்று தள்ளுவது நேர்மையாகாது. ஆனால் அதே ஏட்டில் விட்டோம் என்றும், சாட்சிகளின் வாயில் அறிவேன் என்றும் வினைமுற்றுகள் இட விகுதியோடு நிற்கின்றன. நின்ற, செய்கின்ற போன்ற பெயரெச்சங்களில் றகர மெய் குன்றாமல் இருக்கிறது. எழுதியவரின் காதில் ஒரு வட்டாரப் பேச்சும், கையில் ஒரு பொது எழுத்து வழக்கும் இருந்தன என்று கொள்வதே இரண்டுக்கும் பொருந்தும் விளக்கம். இத்தகைய நிலை உலகில் அரிதன்று. கட்டலோனியக் கவிஞர்கள் தம் பேச்சுமொழி வேறாகிவிட்ட பின்னும் நெடுங்காலம் பாடல்களை ஆக்சித மொழியிலேயே இயற்றினார்கள். அவர்களை ஆக்சித நாட்டின் விளிம்பு என்று அந்த இலக்கிய வரலாறு ஒதுக்குவதில்லை. அந்த மரபை உருவாக்கியவர்களில் ஒரு சாரார் என்றே சேர்த்துக்கொள்கிறது.

இனி, இந்தச் செப்பேட்டில் மிகுதியாகப் பயன்படுத்தப்பட்டு, மிகக் குறைவாகப் படிக்கப்பட்ட பகுதி. உரிமை யார் யாருக்குச் செல்லும் என்று வரிசைப்படுத்தும் இடத்தில் இசுப்பு இரப்பானை அடுத்து அவன் ஆண்மக்கள், பெண்மக்கள், மருமக்கள், கடைசியாகப் பெண்மக்களைக் கொண்ட மருமக்கள் என்று வருகிறது. இதில் முதலில் வரும் மருமக்கள் உடன்பிறந்தாளின் மக்கள் என்றும், ஆகவே கி.பி. 1000இல் மருமக்கத்தாயம் சேரநாட்டில் வேரூன்றி யூத வணிகரின் சாசனத்தில்கூட இடம்பெற்றுவிட்டது என்றும், தாய்வழி உரிமையை ஏற்ற நாடு தந்தைவழித் தமிழகத்தின் பண்பாட்டுப் பகுதியாக இருந்திருக்க முடியாது என்றும் ஒரு வாதத் தொடர் கட்டப்பட்டிருக்கிறது. முதல் கண்ணியை ஏற்கிறேன். மற்ற இரண்டும் சாசனத்தின் சொற்களைத் தாங்கி நிற்கவில்லை.

வரிசையைக் கவனிக்க வேண்டும். ஆண்மக்கள் முதலில் வருகிறார்கள். மருமக்கத்தாயம் ஆளும் குடும்பத்தில் தந்தையின் உரிமை மகனுக்கு இல்லை; இங்கே மகனே முதல் உரிமையாளன். மகளும் அவள் கணவனும் பட்டியலில் இருக்கிறார்கள். மருமக்கத்தாயத்தில் மகளின் கணவனுக்குக் குடும்பத் தலைவனான காரணவனின் சொத்தில் என்ன வேலை? இது எந்த ஒரு தாயமுறையின் பட்டியலும் அல்ல. அஞ்சுவண்ணத்தின் தலைமை எந்த வழியில் இறங்கினாலும், வாரிசு அற்றது என்று சொல்லி நகரத்தாரோ நாடுடையவரோ அதைத் திரும்ப எடுத்துக்கொள்ள இடம் இருக்கக் கூடாது என்று நினைத்த ஓர் எழுத்தர், எல்லா வாசலையும் ஒருசேர அடைத்திருக்கிறார். பெறுபவன் புறநாட்டு மரபினன். அவன் வீட்டுத் தாயமுறை மன்னனின் தாயமுறையோடு ஒத்துப்போக வேண்டியதில்லை. இந்த நிலையில் முழுப் பட்டியல் எழுதுவது ஆவணம் எழுதுவோரின் எச்சரிக்கையே.

இன்னும் நுட்பமான ஒன்று உண்டு. எழுத்தர் ஏன் பெண்மக்களைக் கொண்ட என்று அடைமொழி சேர்த்தார்? உடன்பிறந்தாளின் மகனையும் மகளின் கணவனையும் ஒரே முறைப்பெயரால் அழைப்பது, முறைப்பெண்ணை மணக்கும் வழக்கமுள்ள குடும்ப அமைப்பின் இயல்பு. மதுரையிலும் தஞ்சையிலும் கொங்கிலும் இன்றுவரை மருமகன் என்றால் இருவரையும் குறிக்கும். அந்த இரட்டைப் பொருள் உயிரோடு இருக்கும் இடத்தில்தான் ஆவணம் எழுதுபவர் இருவரையும் பிரித்துக் காட்ட அடைமொழியைத் தேட வேண்டியிருக்கும். சேரநாட்டுக்கு மட்டும் உரியது என்று மேற்கோள் காட்டப்படும் இந்தத் தொடர், உறவுமுறையில் சேரநாடும் பாண்டிநாடும் ஒரே இலக்கணத்தில் நின்றன என்பதற்கே வலுவான சான்றாகிறது. அதே வேளையில், மருமக்களைத் தனி உரிமையாளராக எண்ணத் தோன்றியதே சேரநாட்டுச் சூழலின் அழுத்தம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. சோழநாட்டுக் கொடைச் சாசனங்களில் அப்படி எண்ணுவது பெரிதும் வழக்கமில்லை. இலக்கணம் பொது, அதில் எதை அழுத்திச் சொல்வது என்பது அந்தந்த நாட்டின் தேர்வு.

மருமக்கள் என்பதை மருமகள்கள் என்று கொண்டு சிக்கலே இல்லை என்று சொல்லும் விளக்கமும் உண்டு. அடுத்து வரும் பெண்மக்களைக் கொண்ட மருமக்களுக்கு அது ஈடுகொடுக்கவில்லை, விட்டுவிடலாம்.

இந்த முடிவுக்கு எதிராக நான் எடைபோட வேண்டிய சான்று ஒன்று செப்பேட்டில் இல்லாத பகுதியில் இருக்கிறது. பாண்டிய, சோழச் செப்பேடுகளின் முகப்பில் வடமொழிப் பிரசஸ்தி நீண்டு வரும்: குலமுறை, போர், வெற்றி, கொடை. பாஸ்கர ரவியின் செப்பேட்டில் அது இல்லை. சேரப் பெருமாள்களின் சாசனங்களிலும் பொதுவாக இல்லை. தன் வெற்றிகளைக் கல்லில் பாடாத அரசு இது. நாடுடையவர்கள் ஐவர் சாட்சியாக நிற்பதையும், கோயில் நிர்வாகத்தில் மூழிக்களக் கச்சம் போன்ற தனி ஒழுங்குகள் சேரநாட்டில் ஏற்பட்டதையும், நம்பூதிரிக் கிராமங்களின் செல்வாக்கையும் சேர்த்துப் பார்த்தால், அதிகாரத்தின் அமைப்பில் சேரநாடு தன் வழியில் வெகுதூரம் நடந்திருந்தது தெளிவு. இதை மழுப்பும் தமிழ்த் தரப்பு எழுத்துகளோடு எனக்கு உடன்பாடு இல்லை. கீழ்ப்படை நாயகன் சாட்சிகளில் ஒருவனாக நிற்பதைச் சோழப் படையெடுப்பின் பின்னணியில் வைத்துப் படிப்பது பொருந்துமானால், இந்தச் சாசனமே சோழருக்கு எதிரான ஒரு நாட்டின் தற்காப்போடு தொடர்புடையது. ஓர் அரசு மற்றோர் அரசோடு பொருதுகொண்டே, தன் ஆணையை அதே மண்டலத்தின் பொது வாய்பாட்டில் எழுத முடியும். பாண்டியனும் சோழனோடு பொருதான். அதனால் அவன் தமிழகத்துக்கு வெளியே போய்விடவில்லை.

ஆகவே உறுப்பு, விளிம்பு என்ற இரு சொற்களும் இந்த உறவுக்குப் பொருந்தவில்லை. நம் குடும்ப வழக்கில் பங்காளி என்று ஒரு நிலை உண்டு: அடுப்பு வேறு, வாசல் வேறு, வழக்கும் உண்டு, மூதாதையின் சொத்தில் உரிமை மட்டும் ஒன்று. கி.பி. 1000இல் சேரநாடு தமிழ் எழுத்து மரபின் பங்காளி. அந்தச் சொத்தில் யாரிடமிருந்தும் இரவல் வாங்கியவன் அல்ல. யாருக்கும் கட்டுப்பட்ட இளையவனும் அல்ல.

ஒரே ஓர் ஆவணத்தை நம்பி இவ்வளவு சொல்லலாமா என்ற கேள்வி நியாயமானது. அதனால், தவறான முடிவுக்கு எளிதில் இட்டுச் செல்லக்கூடிய வேறோர் ஆவணத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். 1579 நவம்பர் 14 அன்று கொச்சியில் கிரீசித்தியானி வணக்கம் தமிழில் அச்சாயிற்று. முந்தைய ஆண்டு கொல்லத்தில் தம்பிரான் வணக்கம் அச்சாகியிருந்தது. இரண்டும் இயேசு சபைத் துறவி அண்ட்ரிக் அடிகளாரின் பணி. மொழியை வைத்து நாட்டை அளப்பவர் இதைக் கொண்டு 16ஆம் நூற்றாண்டுக் கொச்சி தமிழகத்தின் பகுதி என்று சொல்லிவிடலாம். சொல்ல முடியாது. அந்த நூல்கள் முத்துக்குளித்துறைப் பரதவருக்காக ஆக்கப்பட்டவை. கொச்சியில் இருந்தது அச்சுக்கூடம். ஆக்கப்பட்ட இடம் ஒன்று, வாழ்ந்த இடம் மற்றொன்று. இன்றைய மட்டாஞ்சேரியில் கொங்கணி, குஜராத்தி, தமிழ் பேசும் குடிகள் தலைமுறைகளாக வாழ்கிறார்கள். அதனால் மட்டாஞ்சேரி கொங்கணத்தின் பகுதியோ குஜராத்தின் பகுதியோ ஆவதில்லை. பாஸ்கர ரவியின் செப்பேடு இவற்றிலிருந்து வேறானது. கொடுத்தவன் அந்நாட்டு மன்னன், பெற்றவன் அந்நாட்டில் வாழ்ந்த வணிகன், சாட்சிகள் அந்நாட்டு நாடுடையவர்கள், எழுதியவர் பயின்ற முறை அந்நாட்டில் வேரோடியது. வேறோர் இடத்து வாசகருக்காக இது எழுதப்படவில்லை. இத்தகைய ஆவணமே ஒரு நாட்டின் பண்பாட்டு உறவுக்குச் சான்றாகும் தகுதி உடையது.

செப்பேட்டின் பிற்கால வாழ்வும் இந்தத் தகுதியை உறுதிப்படுத்துகிறது. யூதக் குடிகள் கொடுங்கல்லூரிலிருந்து கொச்சிக்குப் பெயர்ந்தபோது சமூகத்தின் உரிமைப் பத்திரம் என்ற மதிப்போடு இதையும் காத்து வந்தார்கள். 1568இல் எழுந்த பரதேசி யூதப் பள்ளி அதன் வீடாயிற்று. மலபாரி யூதரும் பரதேசி யூதரும் அதன் வாரிசு யார் என்பதில் நெடுங்காலம் முரண்பட்டார்கள். எழுதி ஐந்நூறு ஆண்டுக்குப் பிறகும் ஒரு செப்பேடு உரிமை வழக்குக்குப் பயன்பட்டதென்றால், அது எழுதப்பட்ட முறை அந்நாட்டில் செல்லுபடியாகும் முறையாக இருந்திருக்க வேண்டும்.

இந்த விவாதம் இன்று ஏன் சூடேறுகிறது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. தமிழுக்கு 2004இலும் மலையாளத்துக்கு 2013இலும் செம்மொழித் தகுதி கிடைத்தது. தகுதிக்குத் தொன்மை வேண்டும் என்ற நிபந்தனை வந்ததும், 9 முதல் 11ஆம் நூற்றாண்டு வரையான சேரநாட்டுச் சாசனங்கள் ஒவ்வொன்றும் எந்த மொழியின் கணக்கில் வரவு வைக்கப்படும் என்பது மானத்தின் கேள்வியாகிவிட்டது. 2017 ஜூலையில் இந்தியப் பிரதமர் இஸ்ரேலியப் பிரதமருக்கு இந்தச் செப்பேட்டின் பிரதியைப் பரிசளித்தபோது அது இந்திய யூத வரலாற்றின் அடையாளமாகவும் மாறியது. அதை எழுதிய எழுத்தரோ இந்த மூன்று கணக்குகளிலும் இல்லை. அவர் பெயர் வன்றலைச்சேரிக் கண்டன் என்று தொடங்குவதாகச் செப்பேட்டின் கடைசி வரி சொல்கிறது.

பதிப்பு நிலையில் இதற்கு ஒரு நேரடித் தீர்வு உண்டு. பாண்டியர் வட்டெழுத்துச் சாசனங்கள் தமிழ்க் கல்வெட்டுத் தொகுதிகளிலும், சேரப் பெருமாள்களின் வட்டெழுத்துச் சாசனங்கள் கேரளத் தொகுதிகளிலும் பிரித்துப் பதிப்பிக்கப்பட்டு வருகின்றன. 1956 நவம்பர் 1இல் வகுத்த மாநில எல்லை 9ஆம் நூற்றாண்டின் எழுத்தருக்குத் தெரியாது. 8 முதல் 11ஆம் நூற்றாண்டு வரையான இரு நாட்டு வட்டெழுத்துச் சாசனங்களையும் காலவரிசையில், ஒரே பெயர்ப்புமுறையில், ஒரே சொல்லடைவோடு ஒரு தொகுதியாகக் கொண்டுவர வேண்டும். எதிராண்டுக் கணக்கும் சாட்சி வாய்பாடும் உரிமைப் பட்டியல்களும் அருகருகே கிடக்கும்போது, இக்கட்டுரையின் முடிவு சரியா தவறா என்பதை எவரும் சோதித்துப் பார்க்கலாம். சென்னையிலும் திருவனந்தபுரத்திலும் உள்ள கல்வெட்டுத் துறையினர் இதைக் கூட்டாக எடுத்துச் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.